25-க்கு 40, 50-க்கு 20: புல்வெட்டும் மெஷினின் ஆயில் கணக்கு

கருவிகள் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் மூன்று, ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு பெட்ரோலோடு எவ்வளவு ஆயில் கலப்பது என்பதுதான் அது. முதல் கடிதத்தில் பணமும் கடனும் சேர்ந்து மாட்டியிருப்பதால், அதற்கு விரிவாகவே பதில்.

“கீழ்ப் பழநி மலையில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் காபி. ஊடுபயிராக மிளகும் ஆரஞ்சும் இருக்கின்றன. களையெடுக்க ஆள் கிடைக்காததால், போன ஆடி மாதம் மகளிர் குழுக் கடனில் 24,000 ரூபாய்க்கு டூ-ஸ்ட்ரோக் புல்வெட்டும் மெஷின் வாங்கினோம். பக்கத்துத் தோட்டங்களுக்கும் வாடகைக்கு ஓட்டினோம். மூன்றாவது மாதமே, வெட்டிக்கொண்டிருக்கும்போது நின்றுவிட்டது. கயிறு இழுக்கவே வரவில்லை. பிஸ்டன், ரிங், சிலிண்டர் மாற்ற 7,200 ரூபாய் ஆனது. ஆயில் போதவில்லை, இனி லிட்டருக்கு 50 மில்லி ஊற்றுங்கள் என்கிறார் மெக்கானிக். விற்ற கடைக்காரர் 20 மில்லி போதும் என்கிறார். வீட்டுக்காரர் மூடி அளவில் ஊற்றுவார். கொழுந்தனார், பைக்குக்கு மாற்றிய ஆயில் மிச்சம் இருந்தால் அதையும் ஊற்றுவார். எது சரி? குழுத் தவணை இன்னும் 9 மாதம் இருக்கிறது. இன்னொரு தடவை கெட்டால் தாங்காது.”
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

கடைக்காரர் சொன்ன 20 மில்லி சரியாக இருக்கலாம். அதே மெஷினுக்கு 40 மில்லியும் சரியாக இருக்கலாம். எந்த ஆயில் ஊற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். மூடி அளவும், கொழுந்தனார் ஊற்றும் பைக் ஆயிலும் மட்டும் எந்தக் கணக்கிலும் சரி இல்லை.

நாம் ஓட்டும் பைக்குகள் இப்போது பெரும்பாலும் ஃபோர்-ஸ்ட்ரோக். இன்ஜினின் அடியில் ஆயில் தனியாக இருக்கும். சுற்றிச் சுற்றி அதே ஆயில்தான் வேலை செய்யும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றினால் போதும். டூ-ஸ்ட்ரோக் புல்வெட்டியில் அப்படி ஆயில் தங்கும் இடமே கிடையாது. கார்பரேட்டரிலிருந்து வரும் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் சுற்றும் அறைக்குள் போகும். அதன்பிறகுதான் சிலிண்டருக்குள் ஏறும். போகிற வழியில் பேரிங், கனெக்டிங் ராடு, பிஸ்டன் எல்லாவற்றிலும் பெட்ரோலில் கரைந்திருக்கும் ஆயில் லேசாகப் படிந்துவிட்டுப் போகும். வேலை முடிந்த ஆயில் எரிந்து புகையாக வெளியே போய்விடும். ஆக, ஒவ்வொரு மடக்கு பெட்ரோலோடும் புதிதாக ஆயில் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு டேங்க் பெட்ரோல் ஆயில் இல்லாமல் போனாலே, சில நிமிடங்களில் பிஸ்டன் சூடேறி சிலிண்டரைக் கவ்விவிடும். ‘சீஸ் ஆகிவிட்டது’ என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

இனி கணக்கு. மெஷின் புத்தகத்தில் 25:1, 40:1, 50:1 என்று போட்டிருப்பார்கள். 50:1 என்றால் 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில். இதை ‘லிட்டருக்கு 50 மில்லி’ என்று படித்துவிடுகிறவர்கள் நிறைய பேர். மெக்கானிக்குகளிலும் உண்டு. உங்களுக்குச் சொல்லப்பட்ட 50 மில்லி அப்படி வந்ததாகக்கூட இருக்கலாம். 1,000 மில்லியை அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பதுதான் லிட்டருக்கு ஊற்ற வேண்டிய ஆயில். 50:1-க்கு 20 மில்லி. 40:1-க்கு 25 மில்லி. 33:1-க்கு 30 மில்லி. 25:1-க்கு 40 மில்லி. 

இதில் 25-ம் 40-ம் தான் ஆளை ஏமாற்றும் ஜோடி. 25:1 என்று எழுதியிருக்கும் மெஷினுக்கு 25 மில்லி ஊற்றினால், உண்மையில் நீங்கள் ஊற்றுவது 40:1. தேவையில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மெஷின் உடனே நிற்காது. ஒரு மாதம், இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடும். நல்ல வெயிலில், அடர்ந்த புல்லில், தொடர்ந்து ஓட்டும் ஒரு நாளில் நின்றுவிடும். சீனாவிலிருந்து வந்து பல பெயர்களில் விற்கும் விலை குறைந்த மெஷின்களில் நிறைய 25:1 தான். 24,000 ரூபாய் மெஷின் எந்த வகை என்று புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும். புத்தகம் இல்லாவிட்டால் டேங்க் பக்கத்தில், காற்று வடிகட்டி மூடியில், சில சமயம் டேங்க் மூடியிலேயே ஸ்டிக்கர் இருக்கும். மண்ணைத் துடைத்துப் பாருங்கள்.

ஒரே மெஷினுக்கு இரண்டு விகிதம் எப்படி வரும்? பெரிய கம்பெனிகளின் கையேடுகளே அப்படித்தான் சொல்கின்றன. ஹஸ்க்வர்னா, தன் சொந்த ஆயிலுக்கு 50:1 என்கிறது. அது கிடைக்காமல் வேறு தரமான டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றினால் 33:1 என்கிறது. ஸ்டில் கம்பெனியின் பழைய கையேடுகளில் சொந்த ஆயிலுக்கு 50:1, வேறு பிராண்டுக்கு 25:1 என்று இருக்கும். தங்கள் ஆயிலை விற்கும் நோக்கம் இதில் இல்லாமல் இல்லை. ஆனால், அது மட்டுமே காரணம் இல்லை. டூ-டி ஆயில் என்ற ஒரே பெயரில் விற்பவை எல்லாம் ஒரே தரம் கிடையாது. விலை குறைந்த ஆயிலில் 20 மில்லி செய்யாத வேலையை, நல்ல ஆயிலில் 20 மில்லி செய்யும்.

தரத்தை டப்பாவின் பின்பக்கத்தில் பார்க்கலாம். ‘ஜாசோ’ என்று ஜப்பானியத் தர முத்திரை போட்டு, பக்கத்தில் எஃப்.பி, எஃப்.சி, எஃப்.டி என்று இருக்கும். எஃப்.பி சாதாரணம். எஃப்.சி புகை குறைவு. எஃப்.டி, கரி படியாமல் சுத்தமாக வைப்பதில் இன்னும் மேல். காற்றால் குளிரும் நம் புல்வெட்டிக்கு எஃப்.சி அல்லது எஃப்.டி கேட்டு வாங்குங்கள். கடற்கரை ஊர்களில் விற்கும் ‘டி.சி-டபிள்யூ3’ என்று எழுதிய ஆயில், படகின் வெளிப்பொருத்து இன்ஜினுக்கானது. தண்ணீரால் குளிரும் இன்ஜின் அவ்வளவு சூடாகாது. புல்வெட்டியின் சூட்டுக்கு அந்த ஆயில் ஆகாது.

கொழுந்தனார் ஊற்றும் பைக் ஆயிலுக்கு வருவோம். 20டபிள்யூ-40 போன்ற ஃபோர்-ஸ்ட்ரோக் ஆயில், எரிவதற்காகத் தயாரித்தது இல்லை. அதில் சேர்க்கும் உலோக உப்புகள் எரிந்தால் சாம்பலாகி பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோலில் சரியாகக் கரைந்து நிற்பதற்கும் அதில் வழி செய்யப்பட்டிருக்காது. அடியில் தேங்கிவிட்டால், மேலே இருக்கும் பெட்ரோல் ஆயில் இல்லாமல் போகும். அவசரத்துக்குக்கூட அதை ஊற்றக் கூடாது. ஒரு நாள் வேலை நின்றால் நிற்கட்டும்.

அடுத்தது, 50 மில்லி ஊற்றினால் என்ன ஆகும்? ‘கூடுதலாக ஊற்றினால் கெட்டுப்போகாது’ என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதி உண்மைதான். சீஸ் ஆகும் வாய்ப்பு குறைவு. ஆனால் 50:1-க்காகச் செய்த மெஷினுக்கு 50 மில்லி ஊற்றினால் அது 20:1. இரண்டரை மடங்கு ஆயில் எரியாமல் மிஞ்சும். பிளக் ஈரமாகிக் கருத்துவிடும். காலையில் கயிறை இழுத்து இழுத்துத் தோள் வலிக்கும். சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் துளையிலும் சைலன்சரில் இருக்கும் சிறு வலையிலும் கரி அடைத்துக்கொண்டு இழுவை குறையும். மெஷினைத் தோளில் மாட்டி நாள் முழுக்க ஓட்டுகிறவர் அந்தப் புகையைத்தான் மூச்சு விடுகிறார். இன்னொன்றும் உண்டு. கார்பரேட்டர் துளை வழியாகப் போவது ஒரே அளவு திரவம்தான். அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும். பெட்ரோல் குறைந்தால் எரிவது கூடுதல் சூடாகும். ஆகவே அளவு தாண்டி ஊற்றுவதும் பாதுகாப்பு இல்லை.

20 மில்லி ஆயிலின் விலை இன்றைக்கு ஒரு டீ விலைக்குள் அடங்கிவிடும். அதை மிச்சம் பிடிப்பதற்காகக் குறைக்கவும் வேண்டாம். பயத்தில் கூட்டவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் சொல்லாத ஒன்று, பெட்ரோலை எவ்வளவு நாள் வைத்திருக்கிறீர்கள் என்பது. மலைத் தோட்டங்களில் பெரும்பாலும் கீழே இறங்கும்போது 10, 15 லிட்டர் வாங்கி, ஆயிலையும் கலந்து, கொட்டகையில் வைத்துவிடுவார்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மலையில் பனியும் மழையும் உள்ள மாதங்களில், மூடி சரியில்லாத கேனில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து கேனின் அடியில் தங்கிவிடும். ஆயில் மேலே இருக்கும் பெட்ரோலோடு நின்றுவிடும். மெஷின் டேங்கிலும் இதே கதைதான். உறிஞ்சும் குழாயின் முனை டேங்கின் அடியில்தான் கிடக்கிறது. அது இழுப்பது ஆயில் இல்லாத அந்த அடித் தண்ணீரை. நீங்கள் அளந்து ஊற்றியது சரியாக இருந்தும் மெஷின் ஆயில் இல்லாமல் ஓடும்.

சந்தேகம் இருந்தால் கேனைக் குலுக்காமல், அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, மூடி, நெருப்பு இல்லாத இடத்தில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் அடியில் தனியாக ஒரு கோடு தெரிந்தால், அந்தக் கேன் முழுவதையும் மெஷினுக்கு ஊற்றாதீர்கள். 10 லிட்டர் பெட்ரோலைக் கழிக்க மனம் வராதுதான். 7,200 ரூபாய் பில்லை ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கழிக்கும் பெட்ரோலைத் தோட்டத்திலோ ஓடையிலோ ஊற்றிவிடாமல், கீழே ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

எத்தனாலால் வரும் இன்னொரு தொல்லைக்கும் ஆயில் மீது பழி போட்டுவிடுகிறார்கள். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. பழைய பெட்ரோலுக்குத் திருகி வைத்த கார்பரேட்டரில் இ20 ஊற்றினால், பெட்ரோல் குறைந்து காற்று கூடியது போல எரியும். இன்ஜின் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கத்தும், சூடேறும். பல சிறு இன்ஜின்களின் கையேட்டில் எத்தனால் 10 சதவிகிதம் வரைதான் என்று எழுதியிருக்கிறது. இதற்குத் தீர்வு ஆயிலைக் கூட்டுவது இல்லை. கார்பரேட்டரின் ‘ஹெச்’ திருகைக் கொஞ்சம் திறந்து பெட்ரோலைக் கூட்ட வேண்டும். இன்ஜின் சுற்று பார்க்கும் மீட்டர் உள்ள டீலர் ஒர்க் ஷாப்பில் செய்வது நல்லது. மலை உயரத்துக்கும் அப்படித்தான். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் திருக வேண்டியது கார்பரேட்டரைத்தான். ஆயில் விகிதம் மலையிலும் சமவெளியிலும் ஒன்றே.

சீஸ் ஆனது ஆயிலால்தானா என்று தெரிய, மெக்கானிக்கிடம் பழைய பிஸ்டனைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நீங்கள் பணம் கொடுத்து மாற்றியது, தரத்தான் வேண்டும். பிஸ்டனைச் சுற்றி எல்லாப் பக்கமும் நெடுக்காகக் கீறல் இருந்தால் ஆயில் இல்லாமல் ஓடியிருக்கிறது. புகை போகும் பக்கம் மட்டும் கீறியிருந்து மற்ற பக்கம் பளபளப்பாக இருந்தால், பெரும்பாலும் சூட்டினால் வந்தது. அதாவது பெட்ரோல் போதாமல் எரிந்திருக்கலாம். எங்கேயோ காற்று கசிந்திருக்கலாம். சிலிண்டரைச் சுற்றியிருக்கும் தகடுகளில் புல்லும் தூசியும் அடைத்திருக்கலாம். அப்படியானால் நீங்கள் ஆயிலை எவ்வளவு கூட்டினாலும் அது மறுபடியும் நிற்கும். மெஷினைத் திறக்காமலே இதை ஓரளவு பார்க்கலாம். ஆறிய இன்ஜினில் சைலன்சரைக் கழற்றி, கயிறை மெதுவாக இழுத்துக்கொண்டே டார்ச் அடித்தால், துளை வழியாகப் பிஸ்டனின் ஒரு பக்கம் தெரியும். பழைய மெஷின் விலைக்கு வாங்கப் போகிறவர்கள் இதைச் செய்யாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது. புத்தகமோ ஸ்டிக்கரோ சொல்லும் விகிதத்தைக் கண்டுபிடியுங்கள். இரண்டும் கிடைக்கவில்லை, டீலரும் சரியாகச் சொல்லவில்லை என்றால், எஃப்.டி தர ஆயிலாக இருந்தால் லிட்டருக்கு 25 மில்லி, சாதாரண டூ-டி ஆயிலாக இருந்தால் 40 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். புகை கொஞ்சம் வரும், வரட்டும். பிஸ்டன், சிலிண்டர் புதிது என்பதால், முதல் சில டேங்க் முழு வேகத்தில் விடாமல், அடர்ந்த புதரில் இறக்காமல், இடையிடையே ஆறவிட்டு ஓட்டுங்கள். பத்து டேங்க் ஓடியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் நல்லது. வெள்ளையாக இருந்தால் சூடு அதிகம், உடனே நிறுத்திவிட்டு ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். கறுப்பாகப் பிசுபிசுவென்று இருந்தால் ஆயில் கூடுதல், அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது.

அளக்க, மருந்துக்கடையில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று புதிதாக வாங்கி, ஊசியை எடுத்துவிட்டு, ஆயில் டப்பாவோடு நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். மூடி வேண்டாம். ஒரு பிராண்டின் மூடி இன்னொரு பிராண்டின் மூடிக்குச் சமம் இல்லை. கலக்கும்போது முதலில் கேனில் பாதி பெட்ரோல், அதில் முழு ஆயில், நன்றாகக் குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல், மறுபடியும் குலுக்கல். மெஷின் டேங்கில் பெட்ரோலை ஊற்றி, அதன் மேல் ஆயிலை ஊற்றும் பழக்கம் பல தோட்டங்களில் இருக்கிறது. அது கலப்பதே இல்லை. ஒவ்வொரு தடவை டேங்க் நிரப்பும் முன்பும் கேனை ஒரு குலுக்கு குலுக்க வேண்டும். ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்தால் போதும். ஒரு மாதத்துக்கு மேல் போன கலவையைப் பல கம்பெனிகள் ஒத்துக்கொள்வதில்லை. பூச்சிமருந்து வந்த கேன் வேண்டவே வேண்டாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது டேங்க் மூடியைத் திறக்கக் கூடாது என்பதும், பீடியும் பெட்ரோலும் பக்கத்தில் சேரக் கூடாது என்பதும் தெரிந்ததுதான். ஆனாலும் வாடகை ஆளிடம் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

வாடகைக்கு விடும்போதுதான் மெஷின் அதிகம் கெடும். வாங்குகிறவர், தன் பைக்கிலிருந்து ஒரு லிட்டர் பெட்ரோலை அப்படியே ஊற்றி ஓட்டிவிடுவார். ‘பெட்ரோல் எங்களுடையது, வாடகையில் சேர்ந்தது’ என்று வைத்துக்கொண்டு, கலந்த கேனை நீங்களே கொடுத்து அனுப்புங்கள். கேனில் சிவப்புத் துணி ஒன்று கட்டிவிட்டால் எழுத்து படிக்காதவருக்கும் அடையாளம் தெரியும். நல்ல டூ-டி ஆயில்களில் நீலம், பச்சை, சிவப்பு என்று சாயம் சேர்த்திருப்பார்கள். டேங்கை வெளிச்சத்தில் பார்த்தாலே ஆயில் கலந்ததா, வெறும் பெட்ரோலா என்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் அந்தச் சாயம். வீட்டில் கலக்கும் வேலையை ஒரே ஆள் செய்யட்டும். கடிதம் எழுதிய நீங்களே அதை எடுத்துக்கொள்வது நல்லது.

“தெளிப்பான் டூ-ஸ்ட்ரோக், களைவெட்டி ஃபோர்-ஸ்ட்ரோக், இரண்டும் வைத்திருக்கிறோம். வேலைக்கு வந்த பையன் ஆயில் கலந்த பெட்ரோலைக் களைவெட்டியில் ஊற்றிவிட்டான். ஒரே புகை. இன்ஜின் போய்விடுமா?”
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்.

போகாது. டேங்கைக் காலி செய்து, நல்ல பெட்ரோல் ஊற்றி, பிளக்கைத் துடைத்துப் போட்டு ஓட்டுங்கள். கொஞ்ச நேரம் புகைந்துவிட்டு நிற்கும். மாற்றி நடந்திருந்தால்தான் ஆபத்து. தெளிப்பானில் வெறும் பெட்ரோல் போயிருந்தால் இன்ஜின் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆகவே பையனைத் திட்ட வேண்டாம், கேன்களைத் தனித்தனி நிறத்தில் மாற்றுங்கள்.

ஃபோர்-ஸ்ட்ரோக் களைவெட்டிகளில் ஆயில் அடியில் தனியாக இருக்கிறது. தோளில் மாட்டும் மெஷின்களில் அதிகம் வரும் ஹோண்டா ஜி.எக்ஸ்.35 இன்ஜினில் அது மொத்தமே 100 மில்லிதான். அளவு சிறியது என்பதால், சற்றுக் குறைந்தாலும் பாதிப்பு பெரிது. தினமும் சமதளத்தில் வைத்து அளவு பாருங்கள். ஸ்டில் கம்பெனியின் ‘4-மிக்ஸ்’ என்ற வகை மட்டும் இதில் விதிவிலக்கு. அது ஃபோர்-ஸ்ட்ரோக்தான், ஆனால் தனி ஆயில் கிடையாது. அதற்கும் பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். பெயரை நம்பாமல் மெஷினைப் பாருங்கள். ஆயில் அளவு பார்க்கும் மூடி தனியாக இருந்தால் வெறும் பெட்ரோல். டேங்க் மூடியில் பெட்ரோல் பம்ப் படத்தோடு ஆயில் சொட்டுப் படமும் இருந்தால் கலவை.

“மகன் பழைய டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக் ஒன்று வாங்கி, தென்னந்தோப்பில் ஓட்டுகிறான். புல்வெட்டிக்குக் கலந்த பெட்ரோலையே அதற்கும் ஊற்றுகிறான். சரியா?”
– வாசகர், பொள்ளாச்சி.

புல்வெட்டிக்கு 50:1 கலந்திருந்தால், பல டர்ட் பைக்குகளுக்கு அது போதாது. யமஹாவின் ஒய்.இசட் வரிசை மோட்டோகிராஸ் வண்டிகளுக்குக் கையேடு சொல்வது 30:1. லிட்டருக்கு 33 மில்லி. 40:1, 60:1 சொல்லும் ஐரோப்பிய வண்டிகளும் உண்டு. 60:1 என்பது அந்தக் கம்பெனி சொல்லும் முழு சிந்தெட்டிக் ஆயிலுக்கு மட்டும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு சாதாரண டூ-டி ஆயிலை 17 மில்லி ஊற்றக் கூடாது. மணலிலும் மேட்டிலும் முழு முறுக்கில் ஓடும் வண்டிக்கு, ஊற்றும் ஆயில் கூடுதலாகத்தான் தேவைப்படும். தோப்புக்குள் மெதுவாகவே ஓட்டுகிறான் என்றாலும் விகிதத்தைக் குறைக்க வேண்டாம். மாடலும் ஆண்டும் பார்த்து, கையேட்டில் உள்ளதை ஊற்றச் சொல்லுங்கள்.

வண்டி டர்ட் பைக் இல்லாமல், சக்கரம் மாற்றிய ஆர்.எக்ஸ்.100 போன்ற பழைய ரோட்டு வண்டியாக இருந்தால் கதை வேறு. அதில் ஆயிலுக்குத் தனி டேங்கும், ஆயிலைத் தானே அளந்து விடும் பம்பும் இருக்கும். பம்பு வேலை செய்தால் பெட்ரோலில் கலக்கத் தேவையில்லை. பழைய வண்டிகளில் பம்பைக் கழற்றி அடைத்துவிட்டு விற்பதும் நடக்கிறது. அப்போது கலந்துதான் ஊற்ற வேண்டும். விற்றவரிடம் இதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மற்றபடி, போட்டிக்கென்று செய்த டர்ட் பைக்குகள் ரோட்டில் ஓட்டப் பதிவு இல்லாதவை. தோப்பு வேலியைத் தாண்டி ஓட்ட விடாதீர்கள்.